காலி இடம் சொல்லும் செய்தி

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தபோது, வழிபாட்டுத் தலங்கள் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளியும், ஏப்ரல் 12 அன்று ஈஸ்டர் திருநாளும் மூடிய கதவுகளுக்குள் கடந்து சென்றன. வேளாங்கண்ணிப் பேராலயத்தின் ஆண்டுத் திருவிழா பக்தர்கள் கூட்டமின்றி நடந்தேறியது. 2021-இல் தமிழகத்தில் சில மாதங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாள்களில் வழிபாட்டுத் தலங்களுக்குள் செல்ல மக்களுக்கு அனுமதியில்லை. ஞாயிறு ஆராதனையே உயிர்நாடியாக விளங்கும் திருச்சபைகளுக்கு அது வாரம் முழுவதும் மூடியதற்கு ஒப்பானது.

கதவுகள் திறந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால், பிரிந்தவர்கள் அனைவரும் மீண்டும் கூடிவிட்டனரா?

இயந்திரம் ஓட ஓடத் தேயும். நல்லெண்ணம், பரஸ்பர நம்பிக்கை ஆகியவையோ பயன்படுத்தப் பயன்படுத்தப் பெருகும், பயன்படுத்தாவிட்டால் மெலியும். பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் வலியுறுத்திய கருத்து இது. ஒரு சபையின் உண்மையான மூலதனமும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆலயக் கட்டடம் பூட்டிக் கிடந்தாலும் அப்படியே இருக்கும். உறவுகள் அவ்வாறு இருப்பதில்லை.

இணையவழி ஆராதனை அக்காலத்தில் பேருதவி புரிந்தது என்பதில் ஐயமில்லை. நோயாளிகளுக்கும் முதியோருக்கும் இன்றும் அது வரமே. எனினும், அது ஒருவழிப் பாதை. வீட்டில் இருப்பவருக்குப் போதகர் தெரிவார். போதகருக்கு அவர் தெரியமாட்டார். மூன்றாம் வரிசையில் வழக்கமாக அமரும் மூதாட்டி இரண்டு வாரங்கள் வராவிட்டால், அந்தக் காலி இடமே ஒரு தகவல். உடல்நலம் விசாரிக்க அன்று மாலையே எவரேனும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவர். திரையில் காலி இடம் என்ற ஒன்றே இல்லை.

திரும்பாதவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று முடிவுகட்டுவது எளிது, நியாயமன்று. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி இருந்த காலத்தில் துணையை இழந்தவரின் துக்கம், பகிரப்படாமலேயே உறைந்திருக்கலாம். வருவாய் இழந்தவர், சங்கக் காணிக்கை நிலுவையை எண்ணிக் கூச்சப்படலாம்.

ஆகவே, வராதவர்களின் பட்டியலைச் சபை முதலில் தயாரிக்க வேண்டும். நிலுவையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் அவர்களது இல்லங்களுக்குச் செல்ல வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில், அந்த இரண்டு ஆண்டுகளில் மறைந்தோரின் பெயர்களை வாசித்து, அன்று செலுத்த இயலாத அஞ்சலியை இன்றேனும் செலுத்தலாம். திருநெல்வேலி வட்டாரச் சபைகளில் அசனம் என்னும் பொதுவிருந்து உண்டு. அதற்கு ஒதுங்கியிருப்பவரை உண்ண மட்டும் அழைக்காமல், காய்கறி நறுக்கவும் பரிமாறவும் அழைக்கலாம். விருந்தினர் உண்டதும் விடைபெறுவார். பொறுப்பேற்றவர் மறுநாளும் வருவார்.

கோயில் விழாக் குழுவுக்கும், ஜமாஅத்துக்கும், ஊர் நூலகத்துக்கும் இது பொருந்தும். காலம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று காத்திருப்பது நம்பிக்கை ஆகாது. வராதவர் ஒருவரின் பெயரை நினைவில் கொண்டு, இந்த வாரமே அவரைத் தேடிச் செல்வதுதான் நம்பிக்கை.