காது கொடுப்பவருக்கும் ஒரு காது வேண்டும்

“சாமி, இதையெல்லாம் சொன்னா வீடு கெடைக்குமா?”

2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் மலை சரிந்து அரநாயக்கவும், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டமும் மண்ணுக்குள் போன நாட்களுக்குப் பிறகு, பாடசாலை மண்டபம் ஒன்றில் தங்கியிருந்த தாய் ஒருவர் எம்மிடம் கேட்ட கேள்வி இது. எமக்கு முன்னரே இரண்டு குழுக்கள் வந்து போயிருந்தன. இரண்டும் படிவம் நிரப்பின. கணவர் மண்ணில் புதைந்த கதையை இரண்டு குழுவுக்கும் அவர் முதலிலிருந்து சொல்லியிருந்தார். எவரும் திரும்பி வரவில்லை. “கிடைக்காது அம்மா” என்று உண்மையைச் சொன்னோம். “அப்ப எதுக்கு சாமி கேக்குறாங்க?” என்றார்.

நியாயமான கேள்வி. இந்த இதழை வாசிப்பவர்களில் பலர் இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். 1977இலும் 1981இலும் இரத்தினபுரி, கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிப் பயிர் செய்து, பின்னர் யுத்தத்தில் அதையும் இழந்த குடும்பங்கள் உங்களில் உண்டு. 2016, 2017 மண்சரிவுகளிலும் 2025 நவம்பர் புயலிலும் லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்தவர்களும் உண்டு. உங்களிடம் ‘உளவளத்துணை’ என்ற பெயரில் யாராவது வருகிறார்கள். அவர் எப்படிப் பயிற்றப்பட்டவர், யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை அறிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இந்தப் பயிற்சியின் ஒரு வேர் உளப்பகுப்பாய்வு எனப்படும் முறையில் இருக்கிறது. அதை வியன்னா நகரில் தொடங்கியவர் சிக்மண்ட் பிராய்ட் என்ற வைத்தியர். அவரும் இடம்பெயர்ந்தவரே. 1938இல், 82ஆவது வயதில், ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி இலண்டன் சென்று மறு ஆண்டு அங்கேயே காலமானார். அவர் கூறியதன் சாரத்தை நம் பாஷையில் சொன்னால், சொல்ல முடியாமல் உள்ளே அமுக்கிய துயரம் அழிந்துபோவதில்லை. அது வேறு வாசலால் வெளியே வரும். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியதும் பிள்ளைகளை அடிக்கத் தொடங்கும் தகப்பனை நாம் பார்த்திருக்கிறோம். அவர் கெட்டவர் அல்லர். அவருக்கு அந்தச் சத்தம் வெறும் மழைச் சத்தம் அல்ல.

இன்னொன்றும் உண்டு. பழைய உறவு ஒன்றின் மீதிருந்த அன்போ கோபமோ, இப்போது எதிரே உட்கார்ந்து கேட்பவர் மீது ஏறிக்கொள்ளும். இதை ‘இடமாற்றம்’ என்பார்கள். (உத்தியோகத்தர்கள் பயப்படும் இடமாற்றம் அல்ல!) பேச வருபவர் ஒரு நாள் அரை மணி நேரம் பிந்தி வந்தால், “நீங்களும் விட்டுட்டுப் போயிருவீங்க” என்று ஒரு பெண் சீறுகிறார். பயிற்சி இல்லாதவர் முகம் சிவந்து, ‘நன்றி கெட்டவர்கள்’ என்று எழுந்துவிடுவார். பயிற்சி பெற்றவர், இதற்கு முன் இவரை விட்டுப் போனவர் யார் என்று தனக்குள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படி உட்காருவதற்குப் புத்தகம் மட்டும் போதாது. வைத்தியர் தமது சொந்த மனத்தடை விடும் தூரம் வரைதான் மற்றவரோடு போக முடியும் என்பதை 1910இலேயே பிராய்ட் வலியுறுத்தினார். 1920இல் பேர்லினில் ஒரு சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. பணம் இல்லாதவர்களுக்கு அங்கே இலவசமாகவே சிகிச்சை நடந்தது. பயிற்சிக்கு மூன்று கால்கள் என்ற ஒழுங்கு அங்கேதான் உருவானது: பயிற்சி பெறுபவர் முதலில் தாமே இன்னொருவரிடம் மனம் திறந்து பேச வேண்டும்; பாடம் படிக்க வேண்டும்; தாம் பார்க்கும் ஒவ்வொருவரையும் பற்றி மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பேசி வேலை செய்ய வேண்டும். முழுமையான பயிற்சிக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அறிமுகப் பயிற்சி ஒருவரை உளப்பகுப்பாய்வாளர் ஆக்கிவிடாது. தாதியரும் சமூக சேவையாளரும் உளவளத்துணையாளரும் கேட்கப் பழகுவதற்கே அது.

இது வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற வைத்தியர் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். பிராய்டை அவர் நேரில் கண்டதே இல்லை, கடிதத்தில்தான் உறவு. அதிலும் தலையாட்டிக்கொண்டிருக்கவில்லை. இந்திய நோயாளிகளிடம் தாம் காண்பது சில இடங்களில் வேறாக இருக்கிறது என்று எழுதினார். எமக்கு அந்தத் துணிவு பிடிக்கும்.

எமது சொந்த அனுபவத்தையும் சொல்லவேண்டும். குருமடத்தில் எமக்குப் பிரசங்கிக்கக் கற்பித்தார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்பிக்கவில்லை. பின்னர் ஒரு பயிற்சிக் குழுவில் பத்துப் பேராக வாரம் ஒருமுறை கூடினோம். இலண்டன் டவிஸ்டொக் சிகிச்சை நிலையத்தில் 1950களில் மைக்கல் பாலிண்ட், எனிட் பாலிண்ட் தம்பதியர் குடும்ப வைத்தியர்களுக்காக நடத்திய குழுக்களின் வழியில் அமைந்தது அது. (மைக்கல் பாலிண்டும் ஹங்கேரியிலிருந்து இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தவர்.) முகாமில் ஒருவர் தம் தாயைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது, நாம் நிவாரண அட்டை பற்றிக் கேட்டதாகக் குழுவில் சொன்னோம். மூத்தவர் குறை சொல்லவில்லை. “அந்த நிமிடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டார். நீண்ட நேரம் பதில் வரவில்லை. எம்முடைய தாயார் இறந்து அப்போது எட்டு மாதம். அழாதிருக்கத்தான் பேச்சைத் திருப்பியிருக்கிறோம். அவருக்குத் தேவைப்பட்டதை எம் பயம் மறித்துவிட்டது.

மேற்பார்வை என்பது இதற்கே. அதைக் கணக்குப் பார்க்கும் கண்டக்டர் வேலை என்று நினைக்கக்கூடாது.

“அப்படியானால் எங்கள் இரகசியம் இன்னொருவருக்கும் போகிறதே?” என்று கேட்பீர்கள். பக்கத்துக் காம்பிராவில் இருமினாலும் கேட்கும் லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பெயரையும் ஊரையும் சொல்லாமலே மேற்பார்வையில் பேச வேண்டும். அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதை முதல் நாளே உங்களிடம் சொல்லிவிடவும் வேண்டும். பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் வேறு, இது வேறு. சாகப் போவதாகவோ மருந்து குடிக்கப் போவதாகவோ ஒருவர் சொன்னால் உளவளத்துணையாளர் அதைத் தமக்குள் வைத்திருக்கக்கூடாது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு நீங்களே நேரடியாகவும் பேசலாம். யாரும் பேசாத இடத்தில் குரல் கேட்பவருக்கும், நாட்கணக்காக உறங்காது நிலை தடுமாறுபவருக்கும் வைத்தியரும் மருந்தும் வேண்டும். பேச்சு மட்டும் போதாது.

நேர்த்திக்கடனையும் சாமியாடுதலையும் கேலி செய்பவர் வந்தால் அவர் பயிற்சி குறைந்தவர் என்றே கொள்ளலாம். பேராசிரியர் கணநாத் ஒபேசேகர கதிர்காமத்தில் சடைமுடி வளர்த்த பக்தைகளோடு பேசிப் பழகி, 1981இல் ‘மெடூசாவின் கூந்தல்’ என்ற ஆங்கில நூலை எழுதினார். பிராய்டைக் கற்றவர்தான் அவரும். சொந்த வாழ்வின் துன்பம் அந்தப் பெண்களிடம் பக்தியின் வடிவத்தில் மாறி, அவர்களுக்கு ஊரில் ஓர் இடத்தையும் பெற்றுத் தருவதை அவர் அதில் காட்டினார்.

உளவளத்துணை காணிக்கும் வீட்டுக்கும் பதிலாகாது. அது பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டியது. கேட்பதை நிறுத்தவும் வேண்டாம். பேச வருபவரிடம் கேட்க வேண்டியவை வேறு: எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திரும்ப வருவீர்கள்? எத்தனை மாதம் வருவீர்கள்? உங்களுக்கு மேல் பார்த்துக்கொள்பவர் யார்? நான் சொல்வதை எங்கே எழுதி வைப்பீர்கள்? இவற்றுக்குப் பதில் வராவிட்டால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம். கதையைச் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தில் கையெழுத்தும் வைக்க வேண்டியதில்லை.