உஷார்! மின்சார விவரம் எழுதாத பெடலில் அடாப்டரைச் செருகாதீர்கள்

வீட்டிலேயே கிட்டார் எஃபெக்ட்ஸ் பெடல் செய்கிறவரா நீங்கள்? இதைப் படித்து முடித்ததும் உங்கள் மேசையில் கிடக்கும் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். முகப்பில் மயிலோ மண்டையோடோ வரைந்திருப்பீர்கள், பெயரையும் ஆசையாகக் கையாலேயே எழுதியிருப்பீர்கள். அடாப்டர் செருகும் துளைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலான டப்பாக்களில் ஒன்றுமே இருக்காது. ஆபத்து அங்கேதான்.

செய்தவருக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் பெடல் செய்தவர் கையிலேயே இருந்துவிடுவதில்லை. நண்பர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கிப் போவார், அவரிடமிருந்து இன்னொருவர் வாங்குவார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வரும்போது, செய்தவருக்கே உள்ளே எந்த சர்க்யூட் இருக்கிறது என்று நினைவிருக்காது. மேடைக்குப் பின்னால் அவசரத்தில் கைக்குக் கிடைத்த அடாப்டரை யாராவது செருகுவார்கள். பிளக் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்துவதால்தான் சரியான அடாப்டர் என்று நம்பிவிடுகிறோம்.

இன்றைக்கு பெடல் உலகில் பரவலாக இருக்கும் வழக்கம் 9 வோல்ட் டிசி, 2.1 மில்லிமீட்டர் பின், நடுப்பின் நெகட்டிவ். 1977-ல் சின்னப் பெடல்களைக் கொண்டுவந்த பாஸ் கம்பெனியின் வழி இது, மற்றவர்களும் பெரும்பாலும் அதையே பின்பற்றினார்கள். வீட்டிலுள்ள மற்ற சாதனங்கள் நேர் எதிர். வைஃபை ரவுட்டர் அடாப்டர், சிசிடிவி கேமரா அடாப்டர் இவையெல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட், நடுப்பின் பாசிட்டிவ். சென்னை ரிச்சி தெருவில் ‘ஒரு அடாப்டர் கொடுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் கைக்கு வருவதும் அநேகமாக இந்த வகைதான். பிளக்கின் அளவும் நிறமும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் சொல்ல அடாப்டர் முதுகில் பொடி எழுத்தில் ஒரு படம் இருக்கிறது. உங்கள் டப்பாவில் அதுகூட இல்லை.

செருகினால் என்ன ஆகும்? சர்க்யூட்டில் பாதுகாப்புக்காக மின்சாரப் பாதையில் தொடராக ஒரு 1என்5817 டயோடு போட்டிருந்தால் பிழைத்தீர்கள். தலைகீழ் மின்சாரத்தை அது உள்ளே விடாது, பெடல் சும்மா இருக்கும். பலர் போடுவது குறுக்கே ஒரு 1என்4001. தலைகீழாகக் கொடுத்ததும் அது மொத்த மின்னோட்டத்தையும் தன் வழியாகத் திருப்பிக்கொள்ளும், சுடும். தாங்காமல் வெந்து திறந்துகொண்டால் தலைகீழ் வோல்ட்டேஜ் நேராக ஐசிக்குப் போகும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் சூடாகித் தலை உப்பும், சில நேரம் வாய் பிளந்து அமிலவாடையோடு புகை விடும். டயோடே போடாத டப்பாவில் இந்த அவகாசம்கூடக் கிடையாது.

துருவம் சரியாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். க்ளான் சென்டார் வகை ஓவர்டிரைவ்களில் உள்ளே ஒரு சார்ஜ் பம்ப் ஐசி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் 9 வோல்ட்டை அது தானே ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் நிறையப் பேர் போடுகிற மேக்ஸ்1044 தாங்குவது 10.5 வோல்ட் வரைதான். ‘வோல்ட்டேஜ் கூட்டினால் சத்தம் இன்னும் தெளிவாகும்’ என்று எங்கோ கேட்டுவிட்டு 12-ஐயோ 18-ஐயோ கொடுத்தால் அந்த ஐசி காலி. பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள் இன்னொரு கண்ணி. முதுகில் 9 வோல்ட் என்றுதான் இருக்கும், ரெகுலேஷன் கிடையாது. சில மில்லிஆம்பியர் மட்டும் குடிக்கிற ஒரு ஃபஸ் பெடலை மாட்டி மீட்டரை வைத்துப் பாருங்கள், 12-க்கு மேல்கூடக் காட்டும்.

‘9 வோல்ட்’ என்று மட்டும் எழுதினாலும் போதாது. லைன் 6 கம்பெனியின் பழைய பச்சை நிற டிஎல்4 டிலே பெடலின் அடாப்டர் 9 வோல்ட்தான், ஆனால் ஏசி. பாஸ் கம்பெனியிலேயே பழைய பெடல்களில் ஏசிஏ என்று ஓர் அடாப்டர் பெயர் இருக்கும், பின்னால் வந்தவற்றில் பிஎஸ்ஏ என்று இருக்கும். துளை ஒன்றுதான், எதிர்பார்க்கும் மின்சாரம் வேறு. அந்த மூன்று எழுத்தைப் பார்த்துத்தான் எந்த அடாப்டர் என்று முடிவு செய்ய முடியும். இவ்வளவு பெரிய கம்பெனிக்கே எழுத்துதான் காவல் என்றால், நாம் வீட்டில் செய்த டப்பாவை மொட்டையாக விடலாமா?

இவற்றைவிட மோசமானது பழைய ஜெர்மானியம் ஃபஸ் வகை. லண்டனில் ஆர்பிட்டர் 1966-ல் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ், மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு மாதிரி வட்டமாக இருக்குமே, அதன் முதல் பெடல்களில் பிஎன்பி டிரான்சிஸ்டர்கள். அதனால் கிரவுண்டாக இருப்பது பாசிட்டிவ் பக்கம். பேட்டரியில் ஓடியவரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. நாம் அதே சர்க்யூட்டைச் செய்து, வசதிக்காக ஓர் அடாப்டர் ஜாக்கும் வைத்துவிடுகிறோம். பிறகு அதை ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரியும் ஒயரில் மற்ற பெடல்களோடு சேர்த்து மாட்டுகிறோம். ஃபஸ்ஸின் அலுமினிய உடம்பு பாசிட்டிவில் இருக்கிறது, பக்கத்துப் பெடலின் உடம்பு நெகட்டிவில். இரண்டையும் இணைக்கும் ஆடியோ கேபிளின் வெளிச்சுற்று அந்த இரண்டையும் ஒன்றாகத் தொட வைக்கிறது. அடாப்டர் முழு ஷார்ட். துருவம் சரியா என்று ஜாக்கில் பார்த்தவருக்கும் இது பிடிபடாது. ‘பாசிட்டிவ் கிரவுண்ட், தனி மின்சாரம் மட்டும்’ என்று நாலு வார்த்தை டப்பாவில் இருந்தால்தான் தெரியும்.

இதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. வால்வ் வைத்துச் செய்யும் பிரீஆம்ப் பெடல்கள் சிலவற்றில் வெளியே 12 வோல்ட் அடாப்டர்தான் இருக்கும். உள்ளே ஒரு சின்ன போர்டு அதை 200 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக் கொடுக்கும். ஒயரைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். சால்டர் விட்டுப்போனதைச் சரிசெய்ய யாரோ ஒரு தம்பி மூடியைக் கழற்றி விரலை விட்டால்? அந்த மூடியின் வெளிப்பக்கமும் உட்பக்கமும் ‘உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல், தொடாதே’ என்று எழுதாமல் எவருக்கும் கொடுக்காதீர்கள். அழகு கெடுகிறது என்று சிலர் தயங்குகிறார்கள். கெடட்டும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். பெயின்ட் காய்ந்ததும் முதலில் எழுத வேண்டியது பெடலின் பெயரை அல்ல, மின்சார விவரத்தை. எத்தனை வோல்ட், டிசியா ஏசியா, நடுப்பின் எது, அதிகபட்சம் எவ்வளவு. ஜாக்குக்குப் பக்கத்தில் ஒரு தடவை, அடிமூடியில் ஒரு தடவை. துருவப் படம் வரைகிறவர்கள் நிதானமாக வரையுங்கள். நடுவில் புள்ளி, அதைச் சுற்றி வாய் திறந்த வளைவு. புள்ளியிலிருந்து கோடு போய்ச் சேரும் குறிதான் நடுப்பின்னுடையது, வளைவிலிருந்து போகும் கோடு வெளிவளையத்துடையது. நடுப்பின் நெகட்டிவ் என்றால் புள்ளியின் கோடு கழித்தல் குறியில் முடிய வேண்டும். இதை மாற்றி வரைந்த டப்பா ஒன்றும் எழுதாத டப்பாவைவிட ஆபத்தானது, ஏனென்றால் பார்க்கிறவர் நம்பிச் செருகுவார்.

இன், அவுட் எழுதும்போதும் கவனம். முன்னாலிருந்து பார்த்தால் வலது பக்கம் இன், இடது பக்கம் அவுட் என்பது பொது வழக்கம். டப்பாவைக் கவிழ்த்து வைத்து ஒயர் இழுத்தவர் அதே நிலையில் பார்த்து எழுதினால் இரண்டும் இடம் மாறிவிடும். மேடையில் சத்தமே வராது, பழி நல்ல சர்க்யூட்டின் மேல் விழும்.

குமிழ்களின் பெயரில் எனக்குக் கொஞ்சம் தாராள மனசு உண்டு. கையால் பெயின்ட் செய்த பெடல்களுக்குப் பேர்போன இசட்.வெக்ஸின் பூஸ்ட் பெடல் ஒன்றில் குமிழுக்குக் கீழே ‘கிராக்கிள் ஓகே’ என்றே எழுதியிருக்கும். திருப்பும்போது கரகரவென்று கேட்கும், அது இயல்பு, பயப்படாதே என்று பெடலே சொல்லிவிடுகிறது. எத்தனை பேர் கெட்டுப்போய்விட்டதென்று திறந்து குடைவதை அந்த இரண்டு வார்த்தை தடுத்திருக்கும்! புரோகோ ராட் பெடலில் ஃபில்டர் குமிழை வலப்பக்கம் திருப்பினால் சத்தத்தின் கூர்மை குறையும். டோன் குமிழ் என்று நினைத்துத் திருப்புகிறவர் எதிர்பார்ப்பதற்கு நேர் மாறு. அப்படி ஏதாவது உங்கள் சர்க்யூட்டில் இருந்தால் பெயரோடு ஓர் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள்.

எழுதியது நிலைக்க வேண்டுமே. இங்கே அடுத்த உஷார். சாதாரண பெர்மனென்ட் மார்க்கரால் அழகாக எழுதி, அதன்மேல் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்கிறவர்கள் கண்முன்னாலேயே எழுத்து கரையும். மார்க்கர் மையும் வார்னிஷும் ஒரே மாதிரிக் கரைப்பான் குடும்பம். முதலில் எழுத்தின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு நிழல் படரும், அடுத்த நிமிஷம் கழித்தல் குறி வழுக்கி நீண்டு பக்கத்துக் கோட்டோடு கலக்கும். தண்ணீரில் கலக்கிய நிறமி உள்ள பெயின்ட் மார்க்கர் வாங்குங்கள், போஸ்கா மாதிரி. ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். வார்னிஷை முதலில் தூரத்திலிருந்து பனி படிவதுபோல் மெலிசாக, பல தடவை அடியுங்கள். எனாமல் பெயின்ட் மேல் லாக்கர் அடித்தால் அடியிலுள்ள பெயின்ட் சுருங்கிச் சுருக்கம் விழும். இந்தச் சோதனையையெல்லாம் அடிமூடியின் உட்பக்கத்தில் செய்து பாருங்கள், அதை யாரும் பார்க்கப்போவதில்லை. இங்க்ஜெட்டில் அச்சிட்ட டெக்கால் ஒட்டுகிறவர்கள், தண்ணீரில் நனைக்கும் முன் அதன்மேல் கிளியர் அடித்துக் காயவிடாவிட்டால் மை தண்ணீரோடு போய்விடும்.

தமிழில் எழுத நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டாயம் எழுதுங்கள், எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஹாமண்ட் 1590பி டப்பாவின் அகலமே 60 மில்லிமீட்டர்தான், அதில் இரண்டு குமிழ் வைத்தபின் மிஞ்சும் இடம் சொற்பம். தடித்த முனையால் மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் எழுதினால் ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். 0.7 முனை எடுங்கள். குமிழை வைத்து அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, அந்த வட்டத்துக்கு வெளியே எழுதுங்கள். கால் சுவிட்சைச் சுற்றி எழுதவே வேண்டாம், செருப்பு முதலில் தேய்ப்பது அந்த இடத்தைத்தான்.

இனி உயிருக்கே உலை வைக்கிற விஷயம். எழுத்தை அலுமினியத்திலேயே அரித்துப் பதிக்கிறோம் என்று ஃபெரிக் குளோரைடில் டப்பாவை முக்குகிறார்கள். செம்பு போர்டை அதே கரைசலில் அரித்துப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். செம்பு பொறுமையாக அரியும். அலுமினியம் அப்படியில்லை. கெட்டியான கரைசலில் இட்டவுடன் நுரைத்துப் பொங்கும், விறுவிறுவென்று சூடேறும், அமில ஆவி கிளம்பும், கூடவே எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜனும் வரும். காஸ்டிக் சோடா உள்ள டிரெய்ன் கிளீனரும் அலுமினியத்தோடு சேர்ந்தால் சூடும் ஹைட்ரஜனும்தான். சமையலறைத் தொட்டியில் இதைச் செய்யாதீர்கள், குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டும் செய்யாதீர்கள். செய்தே தீருவேன் என்பவர்கள் கரைசலை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டு, சில நொடி முக்கி எடுத்து வாளித் தண்ணீரில் அலசி, மறுபடி முக்குங்கள். அரித்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

ஸ்ப்ரே அடிக்கும்போது பூஜை விளக்கும் கேஸ் அடுப்பும் அணைந்திருக்க வேண்டும். துணி முகக்கவசம் தூசியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கார் பட்டறைகளில் அடிக்கிற இரண்டு பாக கிளியர் கோட் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் என்று ஆசைப்பட்டு அதை வாங்குகிறார்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒரு முறை உடம்பில் அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இறுகும். அடுக்குமாடி பால்கனியில் நின்று அடித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துத்தான் அடிக்கிறீர்கள். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். பெயின்ட் இறுக வேண்டும் என்று சமையல் அவனில் டப்பாவைச் சுடுவதும் வேண்டாம்.

சரி, ஏற்கெனவே எழுதாமல் கிடக்கிற டப்பாவை என்ன செய்வது? மூடியைக் கழற்றுங்கள். வால்வ் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரைத் தேடுங்கள். அதன் உடம்பில் கோடு போட்ட பக்கத்துக் கால் நெகட்டிவ். மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, அந்தக் காலையும் ஜாக்கின் நடுப்பின்னையும் தொடுங்கள். பீப் வந்தால் நடுப்பின் நெகட்டிவ். வராவிட்டால் ஊகிக்காதீர்கள், வெளிவளையத்தையும் தொட்டுப் பாருங்கள், தடத்தைக் கண்ணால் பின்தொடருங்கள். கெபாசிட்டர் உடம்பில் 16 வோல்ட் என்றிருந்தால் அந்த டப்பாவுக்கு 18 வோல்ட் ஒருநாளும் கிடையாது. டிரான்சிஸ்டர் எண்களையும் பாருங்கள், ஏசி128 போன்ற பழைய ஜெர்மானியம் பிஎன்பி இருந்தால் பாசிட்டிவ் கிரவுண்டாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு தனி பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். கண்டுபிடித்ததை அப்போதே ஒரு மாஸ்க்கிங் டேப்பில் எழுதி ஜாக்குக்கு மேல் ஒட்டிவிடுங்கள், அழகாக எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கண்டுபிடிக்க முடியாத டப்பா என்றால் டேப்பை ஜாக்கின் துளையையே மூடும்படி ஒட்டி, ‘செருகாதே’ என்று எழுதி வையுங்கள்.