பாட்டு, டின்னர், தேம்ஸ்: படகில் ஏறும்போது ஏன் நம்மை எண்ணுகிறார்கள்?

(எபிசோடின் பேச்சு வடிவம், வாசிப்பதற்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு பார்ட்டி படகைப் பத்திப் பேசப்போறோம்.

லண்டன்ல படிக்கிற, வேலை பார்க்கிற ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருந்தா, அவங்க ஸ்டோரில இதை நீங்க பார்த்திருப்பீங்க. தேம்ஸ் நதியில ஒரு ரெண்டடுக்குப் படகு. கீழ் தளத்துல மேசை போட்டு டின்னர். சாப்பிட்டு முடிச்சதும் அதே தளத்துல டிஜே. எழுபதுகள், எண்பதுகளோட டிஸ்கோ. ஜன்னலுக்கு வெளியே டவர் பிரிட்ஜ் மெதுவா நகர்ந்து போகும். மூணு, நாலு மணி நேரம் சுத்திட்டு ஏறின இடத்துலயே இறக்கி விட்டுடுவாங்க.

இதுல யாருமே ஸ்டோரி போடாத ஒரு விஷயம் இருக்கு. படகுல ஏறுற பலகைப் பக்கத்துல ஒரு ஊழியர் நிப்பார். ஒவ்வொருத்தர் உள்ளே போகும்போதும் எண்ணுவார். கொஞ்ச நேரத்துல பாட்டை நிறுத்திட்டு, லைஃப் ஜாக்கெட் எங்க இருக்கு, அவசரம்னா எந்தப் பக்கம் வெளியே போகணும்னு அறிவிப்பு வரும். பாதிப் பேர் காதுலயே வாங்க மாட்டாங்க.

அந்த எண்ணிக்கைக்கும் அந்த அறிவிப்புக்கும் பின்னாடி ரெண்டு ராத்திரிகளோட கதை இருக்கு. ரெண்டுலயும் உல்லாசப் பயணம், ரெண்டுலயும் பாட்டு. அதைத்தான் இந்த எபிசோட்ல பார்க்கப்போறோம்.

முதல்ல, ஏன் பழைய பாட்டு?

சிம்பிளான காரணம், படகுல வர்ற கூட்டம் அப்படி. ஒரு பிறந்தநாள் பார்ட்டின்னா அதுல இருபத்தி ரெண்டு வயசுப் பொண்ணும் இருப்பா, அவளோட பெரியம்மாவும் இருப்பாங்க. ஆஃபீஸ் பார்ட்டின்னா இன்டர்ன்ல இருந்து ரிட்டையர் ஆகப்போற மேனேஜர் வரைக்கும் வருவாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு வேணும். 1976-ல் வந்த ஆபாவோட 'டான்சிங் குயீன்', 1977-ல் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தோட பீ ஜீஸ் பாட்டுகள், இதெல்லாம் அங்க நம்ம ஊர் கல்யாண வீட்ல இளையராஜா போடுற மாதிரி. யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, டிஸ்கோவோட தாளம். ஒரு சுழற்சிக்கு நாலு அடி, நாலுலயும் டிரம் ஒரே சீரா விழும். டான்ஸ் தெரியாதவங்களும் கால் மாத்தி நிக்கலாம். சின்ன இடத்துல, லேசா அசையுற தரையில ஆடுறதுக்கு இது போதும்.

ஒரு குட்டித் தகவல்: அதே பீ ஜீஸோட 'ஸ்டேயின் அலைவ்' பாட்டு நிமிஷத்துக்கு நூத்துக்குச் சற்று மேலான தாளத்துல ஓடும். நின்னுபோன இதயத்துக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி பண்ண வேண்டிய வேகமும் 100-ல் இருந்து 120. அதனால 2012-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் இந்தப் பாட்டை வச்சே மக்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஆட்டம் போடுற பாட்டு உயிரையும் காப்பாத்தும்.

பார்க்க ஆறு, நடந்துக்கிறது கடல்

லண்டனுக்குள்ள ஓடுற தேம்ஸ்ல கடலோட ஏற்ற இறக்கம் முழுசா வரும். லண்டன் பிரிட்ஜ் கிட்ட நீர்மட்டம் ஒரே நாள்ல 7 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். ரெண்டு மாடி வீட்டு உயரம்னு வச்சுக்கோங்க. அதனாலதான் படகுத் துறைகள் எல்லாம் மிதக்குற மேடையா இருக்கும். தண்ணி ஏறியிருந்தா நீங்க சமதளத்துல நடந்து படகுக்குப் போவீங்க, வத்தியிருந்தா செங்குத்தான சரிவுல இறங்குவீங்க. ஹீல்ஸ் போட்டுட்டுப் போறவங்க இதைக் கவனிங்க.

தண்ணி ஏறினா பாலத்துக்கும் படகுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி குறையும். பாலத்தோட அடியில ரிப்பேர் வேலை நடந்து அந்த இடைவெளி இன்னும் குறைஞ்சா, பகல்ல ஒரு கட்டு வைக்கோலைக் கட்டித் தொங்க விடணும்ங்கிறது இன்னைக்கும் அங்க இருக்கிற விதி. 2023-ல் மில்லினியம் பிரிட்ஜ்ல நிஜமாவே வைக்கோல் தொங்கிச்சு. ராத்திரியில அதுக்குப் பதிலா வெள்ளை விளக்கு.

ஏற்ற இறக்கத்தோட நீரோட்டமும் பலமா இருக்கும். பாலத் தூண்களுக்கு நடுவுல அது இன்னும் நெருங்கி ஓடும். அந்த இடைவெளிகள் வழியாத்தான் பார்ட்டி படகும் போகணும், சரக்குக் கப்பலும் போகணும். இதை மனசுல வச்சுக்கிட்டு அடுத்த பகுதிக்கு வாங்க.

1878: பேண்ட் வாசிச்ச படகு

நதியில சாயங்காலம் பாட்டோட போறது டிஸ்கோ காலத்துக் கண்டுபிடிப்பு இல்ல. 1878 செப்டம்பர் 3, 'பிரின்சஸ் ஆலிஸ்'னு ஒரு துடுப்புச் சக்கர நீராவிப் படகு. 'நிலாவொளிப் பயணம்'னு விளம்பரம் பண்ணின உல்லாச டிரிப். லண்டன்காரங்க குடும்பம் குடும்பமா ஏறினாங்க. படகுல பேண்ட் வாத்தியக்காரங்களும் இருந்தாங்க. ராத்திரி ஏழே முக்கால் மணி வாக்குல, திரும்பி வர்ற வழியில, நிலக்கரி ஏத்துற 'பைவெல் காசில்'ங்கிற பெரிய கப்பல் மோதிச்சு. நாலு நிமிஷம் வாக்குல படகு மூழ்கிடுச்சு. 600-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. அந்த இடத்துலதான் லண்டன் நகரத்தோட கழிவுநீரைக் கொஞ்ச நேரம் முன்னாடி ஆத்துல திறந்து விட்டிருந்தாங்க. நீந்தத் தெரிஞ்சவங்களுக்கும் அது உதவல.

நான் ஏன் "600-க்கும் மேல"ன்னு பொத்தாம்பொதுவா சொல்றேன்? ஏன்னா சரியான எண்ணிக்கை அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியாது. ஒரே கம்பெனியோட எந்தப் படகுலயும் செல்லுபடியாகுற டிக்கெட். அதனால வித்த டிக்கெட்டை வச்சு இந்தப் படகுல எத்தனை பேர்னு சொல்ல முடியல. ஏறினவங்களை யாரும் எண்ணல.

1989: அதே ஆறு, அதே குறை

இதுக்கு 111 வருஷம் கழிச்சு, 1989 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்கு முன்னாடி. 'மார்ஷியனெஸ்'னு ஒரு பார்ட்டி படகு. 1923-ல் கட்டினது. உள்ளே ஒரு இளைஞரோட 26-வது பிறந்தநாள் பார்ட்டி. சுமார் 130 பேர், பெரும்பாலும் இருபதுகள்ல இருந்தவங்க. டிஸ்கோ ஓடிட்டிருந்துச்சு.

அதே திசையில, பின்னாடி, 'போபெல்'னு ஒரு மணல் அள்ளுற கப்பல் வந்துச்சு. நீளத்துல மார்ஷியனெஸை விட ஏறக்குறைய மூணு மடங்கு. கேனன் ஸ்ட்ரீட் ரயில் பாலத்துக்குப் பக்கத்துல, அது பின்பக்கமா வந்து மோதி, படகைத் திருப்பி, மேல ஏறிடுச்சு. ஒரு நிமிஷத்துக்குள்ள படகு தண்ணிக்கடியில. 51 பேர் இறந்தாங்க. பக்கத்துல வந்துட்டிருந்த 'ஹர்லிங்ஹாம்'ங்கிற இன்னொரு பார்ட்டி படகுதான் பலரைத் தூக்கிக் காப்பாத்துச்சு.

காரணம் புயலும் இல்ல, மூடுபனியும் இல்ல. விசாரணைகள் சொன்னது இதுதான்: ரெண்டு பக்கமும் சரியா கண்காணிப்பு வைக்கல. போபெல்ல மாலுமி நிக்கிற இடத்துல இருந்து முன்னாடி இருக்கிறது முழுசா தெரியல. மார்ஷியனெஸ்ல பின்னாடி பார்க்கிறதைப் படகோட மேல்கட்டே மறைச்சுது. கரையில மீட்க ஓடினவங்களுக்கு இன்னொரு திண்டாட்டம்: உள்ளே எத்தனை பேர் இருந்தாங்க, இன்னும் எத்தனை பேரைத் தேடணும்? கையில கணக்கு இல்ல. 1878-ல் இருந்த அதே கேள்வி.

பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் முழுமையான பொது விசாரணை வேணும்னு பத்து வருஷத்துக்கு மேல போராடினாங்க. லார்ட் ஜஸ்டிஸ் கிளார்க் தலைமையில அது நடந்து, 2001-ல் அறிக்கை வந்துச்சு.

அதுக்கப்புறம் என்ன மாறிச்சு?

பெரிய மாற்றம் ஆத்துலயே கண்ணுக்குத் தெரியும். பிரிட்டன்ல உயிர்காப்புப் படகு நடத்துறது ஆர்.என்.எல்.ஐ.ங்கிற தொண்டு அமைப்பு. அவங்க வேலை கடலோரத்துல. 2002 ஜனவரியில முதல் முறையா தேம்ஸ் நதிக்காகவே நாலு நிலையங்கள் திறந்தாங்க: டெடிங்டன், சிஸ்விக், டவர், கிரேவ்ஸெண்ட். இதுல டவர் நிலையம் இப்ப வாட்டர்லூ பிரிட்ஜ் பக்கத்துல மிதக்குது, பழைய பேரோடயே. பிரிட்டன், அயர்லாந்து முழுக்க இருக்கிற நிலையங்கள்ல அதிகமா அழைப்பு வர்றது இதுக்குத்தான்.

மத்ததெல்லாம் சின்னச் சின்ன மாற்றங்கள். ஏறும்போது எண்ணிக்கை. கிளம்பினதும் பாதுகாப்பு அறிவிப்பு. ரேடியோவுல கரையோட தொடர்பு. ஓட்டுறவர் நாலு பக்கமும் பார்க்க முடியணும்ங்கிற அக்கறை. பார்ட்டிக்குப் போறவங்களுக்கு இதெல்லாம் சடங்கு மாதிரி தெரியும். சதர்க் கதீட்ரல் தரையில 51 பேரோட நினைவுக் கல் இருக்கு. அந்தக் கல்லைப் பார்த்துட்டு வந்தா அப்படித் தெரியாது.

எல்லாரும் சேர்ந்து ஆடினா படகு கவிழுமா?

இது எல்லாருக்கும் வர்ற சந்தேகம். ஆடுறதால இல்ல. டிஸ்கோ தாளம் நொடிக்கு ரெண்டு தடவை துடிக்கும். படகு ஒரு பக்கம் சாஞ்சு நிமிர அதைவிட ரொம்ப நேரம் ஆகும். ரெண்டும் ஒத்துப்போகாது. அதனால குதிக்கிற குதி படகை ஆட்டி வளர்க்காது.

ஆபத்து, கூட்டம் ஒரே பக்கம் நகர்றதுல இருக்கு. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை யோசிங்க. எடை முழுக்க அடியில இருக்கிறதால எத்தனை தடவை தள்ளினாலும் எழுந்து நிக்கும். அதே பொம்மையோட தலையில ஒரு கல்லை ஒட்டிட்டுத் தள்ளுங்க, படுத்துடும். படகும் அப்படித்தான். கூட்டம் மேல் தளத்துக்கு ஏறினா எடை மேல போகுது. அந்தக் கூட்டமே செல்ஃபிக்காக ஒரு பக்கக் கம்பிக்கு ஓடினா, சாயுறது நிமிராமப் போகலாம். அதனாலதான் பயணிகள் படகுக்கு அனுமதி குடுக்கும்போது, எல்லாரும் ஒரே பக்கம் திரண்டா எவ்வளவு சாயும்னு கணக்குப் பார்க்கிறாங்க. எத்தனை பேர் ஏறலாம்ங்கிறது சீட்டுக் கணக்கு மட்டும் இல்ல.

நமக்கு இது தூரத்துக் கதையும் இல்ல. 2009 செப்டம்பர் 30, தேக்கடி. 'ஜலகன்யகா'ங்கிற ரெண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க, தமிழ்நாட்ல இருந்து போனவங்க உட்பட. கரையில தெரிஞ்ச விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமா திரண்டதா அப்போ செய்திகள் வந்துச்சு. 2023 மே 7, கேரளாவோட தானூர். இருட்டின நேரத்துல, அளவுக்கு மேல ஆட்கள் ஏத்தின ரெண்டடுக்குப் படகு. 22 பேர் இறந்தாங்க, அதுல பல பேர் குழந்தைங்க.

அப்போ, அடுத்த தடவை படகுல ஏறும்போது?

தேம்ஸா இருந்தாலும் சரி, ஆலப்புழாவா இருந்தாலும் சரி, நாலு விஷயம் பாருங்க.

ஒண்ணு, எத்தனை பேர் ஏறலாம்னு எழுதியிருக்கா? யாராவது எண்ணுறாங்களா? எண்ணாம "ஏறுங்க ஏறுங்க"ன்னு சொன்னா இறங்கிடுங்க. டிக்கெட் காசு போனாப் போகுது.

ரெண்டு, லைஃப் ஜாக்கெட் எங்க இருக்கு? பூட்டின பெட்டிக்குள்ள இருந்தா அது இல்லாத மாதிரிதான். போட்டுக்கச் சொன்னா போட்டுக்கோங்க, போட்டோவுல நல்லா விழாதுன்னு கழட்டாதீங்க.

மூணு, நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல இருந்து வெளியே போக எது வழி? பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை நடந்து பார்த்துட்டு வாங்க.

நாலு, ஏதோ ஒண்ணு தெரியுதுன்னு எல்லாரும் ஒரு பக்கம் ஓடும்போது நீங்க ஓடாதீங்க. படகு திரும்பும், உங்க பக்கமும் தெரியும்.

லண்டன் போறவங்களுக்கு ஒரு டிப்ஸும் சொல்லிடறேன். ஜூன் மாசம் அங்க சூரியன் மறையவே ஒன்பதே கால் மணி தாண்டிடும். ஏழு மணி படகுல ஏறினா பாதிப் பயணம் பகல் வெளிச்சத்துலதான். பாலங்களோட விளக்கு பார்க்கணும்னா செப்டம்பருக்கு அப்புறம் போங்க. லண்டன் பிரிட்ஜ்ல இருந்து லாம்பெத் பிரிட்ஜ் வரைக்கும் ஒன்பது பாலங்களுக்கு நிறம் மாறும் விளக்கு போட்டிருக்காங்க. தண்ணியில இருந்து பார்க்கிறதுதான் அழகு.

போங்க, நல்லா சாப்பிடுங்க, ஆபா போட்டா ஆடுங்க. ஏறும்போது அந்த ஊழியர் உங்களை எண்ணுறாரான்னு மட்டும் பார்த்துட்டுப் போங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே.