கருச்சிதைவுக்குப் பெண் மட்டுமா பொறுப்பு?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், இரண்டு மூன்று தடவை கரு கலைந்த பெண்ணை நோக்கி எழும் கேள்வி ஒன்றேதான்: அவள் என்ன செய்தாள்? பாரம் தூக்கினாள், வயலுக்குப் போனாள், செய்வினை பட்டது எனக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. கணவனிடம் எவரும் எதனையும் கேட்பதில்லை. இம்மனப்பாங்கு விஞ்ஞானத்துக்கு முரணானது என்பதை நாம் எடுத்துக்கூற வேண்டியுள்ளது.

உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் ஏறத்தாழ 15 சதவீதமானவை கருச்சிதைவில் முடிகின்றன. ஆரம்ப மாதங்களில் நிகழும் சிதைவுகளில் ஏறக்குறைய அரைவாசிக்குக் காரணம், கருவின் நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், எண்ணிக்கையில் கூடியோ குறைந்தோ இருப்பதாகும். தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என 46 சேரவேண்டிய இடத்தில் நேரும் இப்பிழை பெரும்பாலும் தற்செயலானது. தாயின் வயது 35 ஐத் தாண்டும்போது இதற்கான வாய்ப்பு அதிகரிக்கின்றது. வயலில் வேலை செய்வதனால் கருவின் நிறமூர்த்தம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

மூன்று தடவை தொடர்ந்து கருவை இழப்போர் நூறு தம்பதியரில் ஒரு சோடியினர் மட்டுமே. இத்தகையோரில் 2 முதல் 5 சதவீதமான தம்பதியரில், கணவனிடமோ மனைவியிடமோ நிறமூர்த்தத் துண்டுகள் இடம்மாறி அமைந்திருக்கும். இரண்டு புத்தகங்களின் சில பக்கங்கள் மாறிக் கட்டப்பட்டதைப் போன்றது இது. இரண்டும் ஒருவரிடமே இருக்கும்வரை எப்பக்கமும் குறைவதில்லை. அவர் பூரண சுகதேகியாகவே வாழ்வார். அவற்றில் ஒன்று மட்டும் பிள்ளைக்குச் செல்லும்போதே பக்கங்கள் குறைந்தும் மிகுந்தும் போகின்றன. இக்குறை ஆணிடமும் இருக்கலாம் என்பதே கவனிக்கத்தக்கது.

எமது பிரதேசத்தின் குடி வழமையும் இங்கு சிந்திக்கத்தக்கது. தாய்வழியாகக் குடி கணிக்கப்பட்டு, ஒரே குடிக்குள் மணம் தவிர்க்கப்படுகின்றது. ஆயினும் மச்சான் மச்சாள் திருமணத்துக்கு அதில் தடையில்லை. பரம்பரையலகுகளோ தாய்வழி, தந்தைவழி என்ற பேதம் அறியாதவை. உறவுத் திருமணமே தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் என நிறுவப்படவில்லை. எனினும் தலசீமியா போன்ற மறைந்திருக்கும் குறைபாடு இருவரிடமிருந்தும் பிள்ளைக்குச் சேரும் வாய்ப்பை அது அதிகரிக்கின்றது.

எல்லாக் காரணங்களும் பரம்பரையானவையல்ல. குருதியை உறையச்செய்யும் ஒருவகை எதிர்ப்பொருளால் கரு கலையுமாயின், அஸ்பிரின், ஹெபாரின் ஆகிய மருந்துகள் பலனளிக்கின்றன. தைரொயிட் குறைபாடும் நீரிழிவும் கட்டுப்படுத்தக்கூடியவை. காரணம் எதுவெனத் தெரியாமல் நேர்த்திக்கடனில் மட்டும் காலத்தைக் கழிப்பது, சிகிச்சைக்குரிய ஆண்டுகளை இழப்பதாகவே முடியும்.

மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டதோடு படுவான்கரை மக்களுக்கு நகரம் நெருங்கிவந்தது. மரபியல் ஆய்வு வசதிகளோ இன்னும் கொழும்பை மையமாகக் கொண்டே உள்ளன. நிறமூர்த்தப் பரிசோதனைக்குச் சிறிதளவு குருதியே போதுமானது. குருதி மாதிரி பயணம் செய்தால் போதும்; தம்பதியர் 300 கிலோமீற்றர் பயணிக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பிலேயே மாதிரி பெற்று அனுப்பி, பெறுபேற்றைத் தமிழில் விளக்கும் ஒழுங்கைச் சுகாதாரத் துறை உறுதிப்படுத்த வேண்டும்.

பலமுறை கருவை இழந்த தம்பதியரிலும் பெரும்பாலானோர் பின்னர் ஆரோக்கியமான பிள்ளையைப் பெறுகின்றனர். அதுவரை அப்பெண்ணுக்குத் தேவை பழிச்சொல் அல்ல. வைத்தியரின் முன் அவளருகே அமரும் கணவனே.