கிள்ளியாற்றங்கரை நடை

வலியசாலைக் காந்தளூர் மகாதேவர் ஆலயத்தை அறியாத தமிழர் நம்முள் இலர். அயலே ஓடும் கிள்ளியாற்றை நின்று நோக்கியவரோ மிகச் சிலர்.

கிள்ளிப்பாலம் தொடங்கித் தெற்கே நடந்து பாருங்கள். கரைவழி அடைபட்ட இடங்களில் தெருவழியே சென்று, அடுத்த கடவில் மீண்டும் ஆற்றைக் காணலாம். வீடுகள் நெருக்கம் குறைந்து தென்னைகள் மிகும். கிள்ளியாறு கரமனையாற்றில் கலக்கும். அகத்தியமலைப் பக்கத்தில் பிறக்கும் அக்கரமனையாறே, மேலே அருவிக்கரையில் 1933 முதல் நகருக்குக் குடிநீர் ஈந்து வருவது. அப்பால் அதன் கரையிலேயே திருவல்லம் பரசுராமர் ஆலயம்.

ஆடி அமாவாசையன்று அங்கே மூதாதையருக்கு நீர்க்கடன் செலுத்துகிறோம். அந்நீரில் குப்பை மிதந்து வருவதைக் கரையில் நடப்போரே காண்பர். கண்டவரே தடுக்க முனைவர். ஆதலின் மழையில்லா விடுமுறைக் காலையொன்றில் குழந்தைகளையும் உடனழைத்துச் செல்லுங்கள். ஆற்றைப் பெயர் சொல்லி அறிந்த பிள்ளை, அதில் குப்பை எறியக் கூசும்.