தோல் தொழிற்பகுதியில் அன்றாடச் சிறுமகிழ்வுகள்

வேலைக்கும் வீட்டுக்கும் பயணத்துக்கும் இடையே, தனிச் செலவோ தனி நாளோ ஒதுக்காமல் கிடைக்கும் வேடிக்கை, கேலி, விளையாட்டு, பகிர்ந்துண்ணல் போன்றவை இக்கட்டுரையில் சிறுமகிழ்வுகள் எனக் குறிக்கப்படுகின்றன. திருவிழா, சுற்றுலா, திரைப்படம் ஆகியவற்றுக்கு நாள் பார்த்துப் பணம் சேர்க்க வேண்டும். சிறுமகிழ்வுக்கு அது தேவையில்லை. ஆனால் அதற்கும் நேரம் வேண்டும், உடன் ஆள் வேண்டும், சிரிப்பதற்கு இடம் கொடுக்கும் சூழல் வேண்டும். இம்மூன்றும் எளிதில் கிடைக்காத இடங்களில் மக்கள் அவற்றை எவ்வாறு உண்டாக்கிக் கொள்கிறார்கள் என்பதை அறிய வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழிற்பகுதி நல்ல எடுத்துக்காட்டாகும்.

தமிழ் மரபு இதனைச் சிறிய செய்தியாகக் கருதவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் முதலில் வைக்கப்பட்டது நகை, இறுதியில் வைக்கப்பட்டது உவகை. உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் விளையாட்டும் ஒன்று. நகைக்கான நான்கனுள் எள்ளல் ஒன்று. சிரிப்பு பிறரை எள்ளுவதிலிருந்தும் பிறக்கும் என்பதை அந்நூல் மறைக்கவில்லை. இக்கருத்து கீழே மீண்டும் பயன்படும்.

பகுதியும் வேலையும்

ஒன்றாயிருந்த வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலும் அமைந்தன. பாலாற்றை ஒட்டிய இவ்வூர்களில் ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றைக் கொண்டு தோல் பதனிடுவது பழைய தொழில். பின்னர் குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவியது. பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு நடுவண் அரசு 1970களில் கட்டுப்பாடு விதித்தது. முடிவுற்ற தோலும் காலணியும் உள்நாட்டிலேயே செய்யப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். இதன் விளைவாக ஷூ கம்பெனிகள் பெருகின. சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் பெருந்தொகையினராக வேலைக்கு வரத் தொடங்கினர்.

ஷூ கம்பெனியின் வேலை பல பிரிவுகளாக நடக்கும். கட்டிங் பிரிவில் தோல் வெட்டப்படும். தையல் பிரிவில் அப்பர் எனப்படும் மேற்பகுதி தைக்கப்படும். லாஸ்டிங் பிரிவில் அது அச்சின்மேல் இழுத்துப் பொருத்தப்படும். இறுதியில் பினிஷிங், பெட்டியில் அடுக்குதல். ஒவ்வொருவரும் செய்வது ஓரிரு செயல்கள் மட்டுமே. ஒருவர் நாள் முழுவதும் ஒரே ஓரத்தைத் தைப்பார், மற்றொருவர் நாள் முழுவதும் பசை தடவுவார். மணிக்கு இத்தனை ஜோடி என்ற டார்கெட் இருக்கும். களைப்புக்குக் காரணம் உழைப்பு மட்டுமன்று, மாற்றமின்மையும்தான்.

வாழைப்பழ வேளை

இதே சலிப்பை ஆராய்ந்த புகழ்பெற்ற கட்டுரை ஒன்று அமெரிக்காவில் வெளிவந்தது. டொனால்டு ராய் என்ற சமூகவியலாளர் எழுதிய ‘பனானா டைம்’ (வாழைப்பழ வேளை) என்னும் அக்கட்டுரை 1959-60இல் ஓர் ஆய்விதழில் அச்சானது. ராய் வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை. தாமே கூலி வேலைக்குச் சேர்ந்து, கிளிக்கர் எனப்படும் வெட்டும் இயந்திரத்தில் நின்றார். அச்சை வைத்து, இயந்திரத்தை அழுத்தி, அச்சை நகர்த்தி, மீண்டும் அழுத்த வேண்டும். ஆம்பூரில் தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்பவருக்கு இந்த இயந்திரத்தைப் பற்றி எவரும் விளக்க வேண்டியதில்லை.

முதல் நாட்களில் ராய் சலிப்பைத் தாங்க ஒரு தனி விளையாட்டை அமைத்துக்கொண்டார். இந்த நிறத்தில் இத்தனை ஆயிரம் வெட்டினால் அடுத்த நிறத்துக்கு மாறலாம், இவ்வளவு முடித்தால் அச்சை மாற்றலாம் என்பதே அது. பிறகுதான் அவர் உடன் வேலை செய்த மூவரைக் கவனிக்கத் தொடங்கினார். கட்டுரையில் அவர்களுக்கு ஜார்ஜ், ஐக், சாமி என்று பெயர். அவர்கள் பேசிக்கொண்டது முதலில் அவருக்குப் பொருளற்ற உளறலாகப் பட்டது. நாளடைவில் அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது.

சாமி தன் உணவுப் பெட்டியில் நாள்தோறும் ஒரு வாழைப்பழம் கொண்டுவருவார். ஐக் நாள்தோறும் அதைத் திருடி, ‘வாழைப்பழ வேளை!’ என்று கூவிவிட்டு விழுங்குவார். சாமி நாள்தோறும் சண்டை பிடிப்பார். ஜார்ஜ் நாள்தோறும் ஐக்கைக் கண்டிப்பார். சாமி ஒரு நாளும் தன் பழத்தைத் தின்றதில்லை, ஆனாலும் மறுநாள் பழம் கொண்டுவரத் தவறியதில்லை. இதுபோலவே பீச் பழ வேளை, சன்னல் திறக்கும் வேளை, மீன் வேளை, முடிந்த சரக்கை எடுத்துச்செல்ல ஆள் வரும் வேளை என்று நாள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நீண்டு கிடந்த நேரம் இத்துண்டுகளால் நகரத் தொடங்கியது. வேலை மாறவில்லை, கூலி மாறவில்லை. களைப்பு குறைந்தது என்று ராய் தம் அனுபவத்தையே சான்றாகத் தருகிறார்.

கட்டுரையின் இரண்டாம் பாதி முதல் பாதியைக் காட்டிலும் முக்கியமானது. ஜார்ஜின் மகள் ஒரு பேராசிரியரின் மகனை மணந்திருந்தார். அந்தப் பேராசிரியரைப் பற்றிய பேச்சு ஜார்ஜுக்குப் பெருமை தருவது. ஒருநாள், அந்தப் பேராசிரியர் முடிதிருத்தும் பள்ளியில்தான் பாடம் நடத்துகிறார் என்று கேலி செய்யும் யோசனையை ராயே எடுத்துக் கொடுத்தார். ஐக் அதைச் சொன்னார். ஜார்ஜ் பேசுவதை நிறுத்தினார். பதின்மூன்று நாட்கள் அந்த அறையில் வாழைப்பழ வேளையும் இல்லை, வேறு வேளையும் இல்லை. ராய்க்குக் கால்வலியும் களைப்பும் திரும்பின. எள்ளல் நகையைப் பிறப்பிக்கும், எல்லை கடந்தால் அதையே அழித்தும் விடும்.

கம்பெனிக்கு உள்ளே

தமிழகத் தொழிற்கூடங்களில் இத்தகைய வேளைகளைக் கண்டறிவது கடினமன்று. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ்கள் வட்டமாகத் திறக்கப்படும்போது தன் குழம்பைத் தான் மட்டும் உண்பவர் அரிது. வீட்டிலிருந்து வந்த மாங்காய்ப் பத்தையும் உப்பு மிளகாய்த்தூளும் கைமாறும். புதிதாக வந்தவருக்குப் பட்டப்பெயர் வைக்கப்படும். ஆயுத பூசைக்கு முந்தைய நாள் இயந்திரத்தைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வழக்கமுள்ள இடங்களில், ஆண்டு முழுவதும் விரட்டிய இயந்திரம் அன்று பொரியும் சுண்டலும் பெற்றுக்கொண்டு அமைதியாக இருக்கும்.

கம்பெனி பஸ் தனியாகக் குறிப்பிடத்தக்கது. வீட்டில் சமையல், கம்பெனியில் டார்கெட், மீண்டும் வீட்டில் சமையல் என்று ஓடும் பெண்ணுக்கு ஒருவரும் வேலை சொல்லாத நேரம் அந்தப் பயணம் மட்டுமே. பூ வைத்துவிடுவது, சீரியல் கதை பேசுவது, கைப்பேசியில் பாட்டுக் கேட்பது, ‘அக்கா’ என்று அழைக்கப்படும் மூத்தவரின் தோளில் சாய்ந்து தூங்குவது ஆகியவை அங்கு நடக்கும். தூக்கத்தை மகிழ்வில் சேர்க்கலாமா என்று கேட்கப்படலாம். விடியற்காலை எழுந்து வந்தவரிடம் கேட்டால் அதையே முதலில் சேர்ப்பார்.

எல்லா இடத்திலும் விளையாட்டு பொருந்தாது. வெட்டும் இயந்திரம் கவனம் சிதறினால் விரலை எடுத்துவிடும். தோல் ஆலையின் கழிவுநீர்த் தொட்டிகளில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வளி நொடியில் உயிரைக் குடிக்கக்கூடியது. அங்கு தேவைப்படுவது சிரிப்பன்று, பாதுகாப்புக் கருவி.

வீட்டுத் தையல்

கம்பெனிக்குச் செல்லாமல் வீட்டிலேயே அப்பர் தைக்கும் பெண்களும் ஆம்பூர்ப் பகுதியில் பலர் உள்ளனர். இடைத்தரகர் கொண்டுவந்து கொடுக்கும் தோல் துண்டுகளை ஊசி நூலால் கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவது இம்முறை. கூலி மிகக் குறைவு. இவர்களுக்கு மணியடிக்கும் இடைவேளை இல்லை, பஸ்ஸும் இல்லை. அதற்கு மாற்றாக இருப்பது தெருவாசல். திண்ணையிலோ வாசற்படியிலோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து அமர்ந்தால் கை தைக்கும், வாய் பேசும். தனி அறையில் அமர்ந்து தைத்தால் இன்னும் சில ஜோடி கூடுதலாக முடியலாம். இருப்பினும் வெளியே வந்து அமர்வது பொருளாதாரக் கணக்குக்குள் அடங்காத ஒரு முடிவு.

பிரியாணி

ஆம்பூர் என்றதும் வெளியூரார்க்கு நினைவுக்கு வருவது செருப்பன்று, பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, தயிர், இறைச்சி ஆகியவற்றுடன் விறகடுப்பில் செய்து, மேலே தணல் பரப்பித் தம் போடுவது இதன் முறை. தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்க் குழம்பும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் வரும். ஆர்க்காட்டு நவாபுகளின் சமையற்காரர்கள் வழியாக வந்தது என்பது ஊர் வழக்கு. ஆர்க்காட்டுப் பக்கத்து மக்கன் பேடாவும் அதே நவாபுகளின் பெயரால் சொல்லப்படும் இனிப்பு. சம்பள நாளில் ஒரு பொட்டலம் பிரியாணி வீட்டுக்கு வருவது, பொட்டலம் பிரிக்கும்போது குழந்தைகள் சூழ்ந்து நிற்பது ஆகியவை இப்பகுதியின் பொதுவான மகிழ்வுகள்.

அதிலும் ஒரு வேலி உண்டு. 2022 மே மாதத்தில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழாவை அறிவித்தது. ஆம்பூரில் மாட்டிறைச்சிப் பிரியாணி பரவலாக உண்ணப்படுவது. அது திருவிழாவில் இடம்பெறாது என்ற செய்தி எதிர்ப்பை எழுப்பியது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. தோலை உரித்துப் பதனிட்டுத் தைக்கும் உழைப்பில் பங்குள்ளவர்களின் தட்டு, அவ்வூரின் பெருமையைக் கொண்டாடும் பந்தியில் ஒதுக்கப்பட்டது வியப்புக்குரியது. ஆனால் புதியதன்று.

ரமலான் மாதத்தில் மாலைதோறும் பள்ளிவாசல்களில் வழங்கப்படும் நோன்புக் கஞ்சியைத் தூக்குப் பாத்திரத்தில் வாங்கிச் செல்பவர்கள் நோன்பு வைத்தவர்கள் மட்டுமல்லர். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருதுக் கவிஞர்கள் கூடும் முஷாயிராக்கள் நடப்பது நீண்ட மரபு. நல்ல அடி ஒன்றைக் கேட்டதும் அவையினர் குரலெழுப்பித் திரும்பச் சொல்லக் கேட்பார்கள். மொழி தெரியாமல் ஓரத்தில் நிற்பவரும் அந்த ஆரவாரத்தில் மகிழ்வார்.

ஆறும் கேலியும்

வேலூரைப் பற்றி ஊரார் தாமே சொல்லிச் சிரிக்கும் ஒரு பழஞ்சொல் உண்டு. அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று அது நீளும். சொல்பவருக்கேற்ப உறுப்புகள் கூடும், குறையும். கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் மீண்டும் இலிங்கம் நிறுவப்பட்டது. ஆக ஒரு குறை நீங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கேலி மட்டும் திருத்தப்படவில்லை. தம் ஊரின் குறையைத் தாமே முந்திக்கொண்டு சொல்வது அயலார் சொல்வதை மழுங்கச் செய்யும் வழி.

தண்ணீரில்லாத ஆறு என்பது பாலாறு. தோல் ஆலைக் கழிவால் இவ்வாற்றுப் பகுதியின் நிலமும் நிலத்தடி நீரும் கெட்டதைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். வறண்ட ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடுவதும், மாசி மாதத்தில் மயானக் கொள்ளைக்குக் கூடுவதும் இவ்வூர்களுக்குப் பழகிப்போனவை. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது மக்கள் பாலங்களில் திரண்டு நின்று பார்த்தனர். இரு கரையும் தொட்டு ஓடும் பாலாற்றைக் கண்டிராத இளையோர் கைப்பேசியில் படமெடுத்தனர். அதே மழையில் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்தனர்.

நேரம் யாருடையது

வேலையிடத்து விளையாட்டு எப்போதும் தொழிலாளிக்கே நன்மை என்று கொள்ள முடியாது. மைக்கேல் புராவாய் என்ற சமூகவியலாளர், ராய் முன்பு வேலை செய்த மற்றொரு தொழிற்சாலையிலேயே 1974இல் வேலைக்குச் சேர்ந்து ஆராய்ந்தார். 1979இல் வெளிவந்த தம் நூலில் அவர், இலக்கை எட்டுவதையே விளையாட்டாக்கிக் கொள்ளும் தொழிலாளி தன்னை அறியாமல் முதலாளியின் விதிகளுக்கு இசைந்துவிடுகிறார் என்று வாதிட்டார். டார்கெட்டை முடித்த லைனுக்குக் கைதட்டும் வழக்கத்தை இக்கண்ணோட்டத்தில் பார்த்தால் வேறு பொருள் தெரியும். ஆனால் வாழைப்பழத் திருட்டால் எந்த முதலாளிக்கும் உற்பத்தி கூடியதில்லை என்பதும் நினைக்கத்தக்கது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பையும், தொடர்ந்து 5 மணிக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்பதையும் வகுத்தது. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் சாப்பாட்டு அறையும், 250 பேருக்கு மேல் இருந்தால் சிற்றுண்டிச் சாலையும் அமைக்க அது வழி செய்தது. டிபன் பாக்ஸ்கள் வட்டமாகத் திறக்கப்பட்டதற்கு அடியில் 2025 வரை இந்தப் பிரிவுகள் இருந்தன.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதா, 12 மணி நேர வேலைநாளுக்கு வழி திறந்தது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது, நான்கு நாள் வேலை செய்து மூன்று நாள் விடுப்பு எடுக்கலாம் என்று விளக்கம் தரப்பட்டது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைக்கப்பட்ட மசோதா, மே நாளில் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. காலை எட்டு மணிக்குத் தொடங்கும் 12 மணி நேர வேலை இரவு எட்டு மணிக்கு முடியும். அதன் பிறகு பஸ் ஏறி மலையடிவாரச் சிற்றூருக்குச் சேரும் பெண் வீடு புகும்போது குழந்தை தூங்கியிருக்கும், வாசலில் தைத்துக்கொண்டிருந்தவர்களும் எழுந்து போயிருப்பார்கள்.