எதிரி சுட்டும் சுடாத கோட்டை: 1942-ல் ஓரிகன் கடற்கரையில் நடந்தது என்ன?

1942-ம் ஆண்டு ஜூன் 21-ம் தேதி நள்ளிரவு நெருங்கிய வேளையில், அமெரிக்காவின் பசிபிக் கடற்கரையில் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே ஐ-25 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் நீர்மட்டத்துக்கு மேலே எழுந்தது. அதன் 14 செ.மீ. பீரங்கியிலிருந்து கரையை நோக்கி 17 குண்டுகள் பாய்ந்தன. கரையிலிருந்த ஸ்டீவன்ஸ் கோட்டையின் வீரர்கள் தங்கள் பீரங்கிகளை நோக்கி ஓடி, சுடுவதற்கான உத்தரவுக்காகக் காத்திருந்தனர். அந்த உத்தரவு வரவே இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் எதிரியின் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளான ஒரே ராணுவத் தளம் இதுவே. அதே ஆண்டு பிப்ரவரியில் கலிபோர்னியாவின் எல்வுட் பகுதியில் ஜப்பானியர் தாக்கியது ஓர் எண்ணெய் வயலை. ஏறத்தாழ 80 ஆண்டுகள் எதிரியை எதிர்பார்த்துக் காத்திருந்த ஸ்டீவன்ஸ் கோட்டை, எதிரி வந்த இரவில் மௌனம் காத்தது ஏன்?

மறையும் பீரங்கிகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் மண் அரண்களுடன் எழுப்பப்பட்டது இக்கோட்டை. பின்னர் எதிர்க்கரையில் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கேன்பி, கொலம்பியா ஆகிய கோட்டைகளுடன் சேர்ந்து ஆற்றின் வாயிலைக் காத்தது. 1904-ல் இங்கு ரஸ்ஸல் பீரங்கித் தளம் கட்டப்பட்டு, 10 அங்குல விட்டமுடைய இரு பீரங்கிகள் நிறுவப்பட்டன.

அவை ‘மறையும் பீரங்கிகள்’ எனப்படும் வகையைச் சேர்ந்தவை. பல டன் எடையுள்ள எதிர்ப்பளு கீழிறங்கும்போது, பீரங்கி கான்கிரீட் சுவருக்கு மேலே எழும். சுட்டவுடன் அதன் பின்னுதைப்பே பீரங்கியை மீண்டும் சுவருக்குப் பின்னால் தள்ளிவிடும். அடுத்த குண்டை வீரர்கள் மறைவிலிருந்தே நிரப்பலாம். போர்க்கப்பல்கள் கிடைமட்டமாகச் சுட்ட காலத்தில் இது அற்புதமான ஏற்பாடு. ஆனால் இந்த அமைப்பில் பீரங்கிக் குழலை அதிகம் உயர்த்த இயலாது. குழல் உயராவிட்டால் குண்டு தொலைவு செல்லாது. கட்டப்பட்ட சில ஆண்டுகளிலேயே இப்பீரங்கிகள் பழையனவாகிவிட்டன. எனினும், 1942-லும் ஆற்றைக் காத்தவை அவையே.

இருளே அரண்

கடற்கரைப் பீரங்கியால் கண்ணால் பார்த்துச் சுட இயலாது. ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள இரு கண்காணிப்பு நிலையங்கள் இலக்கின் கோணத்தை அளந்து தெரிவிக்க, முக்கோணக் கணக்கின் மூலம் தொலைவு கணிக்கப்படும். இரவில் இதற்குத் தேடுவிளக்கு வேண்டும். விளக்கை ஏற்றினால் கோட்டை இருக்குமிடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். பீரங்கி சுடும்போது எழும் தீச்சுடரும் அதையே செய்யும். எதிரியோ இருளில் குத்துமதிப்பாகச் சுட்டுக்கொண்டிருந்தான். போதாக்குறைக்கு, கப்பல் பீரங்கிகளின் எல்லைக்கு அப்பால் இருப்பதாகவே கண்காணிப்பாளர்கள் கணித்தனர்.

எனவே விளக்குகள் அனைத்தையும் அணைக்கவும், பதிலடி கொடுக்காமல் இருக்கவும் கோட்டைத் தளபதி உத்தரவிட்டார். தாக்குதலுக்கு உள்ளாகியும் கைகட்டி நிற்க நேர்ந்தது வீரர்களுக்குக் கசப்பாகவே இருந்தது. ஆனால் விளைவு தளபதியின் பக்கமே நின்றது. பெரும்பாலான குண்டுகள் மணலிலும் சதுப்பு நிலத்திலும் விழுந்தன, உயிரிழப்பு இல்லை. குறிப்பிடத்தக்க சேதம் என்றால், பேஸ்பால் மைதானத்தின் தடுப்பு வேலியும் சில கம்பித் தடங்களும்தான். ஐ-25 மீண்டும் கடலுக்குள் சென்று மறைந்தது.

அதே கப்பல் செப்டம்பரில் ஓரிகன் கடற்பகுதிக்குத் திரும்பியது. அம்முறை அது பீரங்கியை நம்பவில்லை. கப்பலிலேயே எடுத்துவரப்பட்ட சிறு விமானம் புரூக்கிங்ஸ் நகருக்கு அருகிலுள்ள காட்டின் மீது தீக்குண்டுகளை வீசியது. விமானத்துக்கு எதிராக மறையும் பீரங்கியின் கான்கிரீட் சுவரால் எந்தப் பயனும் இல்லை. மேலிருந்து பார்ப்பவருக்கு அது திறந்த குழி.

தாக்குதலுக்குப் பின் கடற்கரையில் முள்கம்பி வேலி இழுக்கப்பட்டது. 1906-ல் தரைதட்டிய ‘பீட்டர் ஐரடேல்’ பாய்மரக் கப்பலின் சிதைவும் அவ்வேலிக்குள் சிக்கியது. கோட்டையில் புதிதாக ‘245-ம் எண் பீரங்கித் தளம்’ எழுந்தது. வெடிமருந்துக் கிடங்கும் கணிப்பு அறையும் மண்மூடிய கான்கிரீட்டுக்குள் அமைந்தன. எஃகுக் கவசத்துடன் கூடிய இரு 6 அங்குலப் பீரங்கிகள் சுமார் 24 கி.மீ. தொலைவுவரை சுடவல்லவை. அத்தளம் 1944-ல் தயாரானபோது போர் அக்கடற்கரையை விட்டு வெகுதொலைவு சென்றுவிட்டது.

1947-ல் ராணுவம் கோட்டையை விட்டு வெளியேறியது. அவ்விடம் இன்று ஓரிகன் மாநிலப் பூங்கா. ரஸ்ஸல் தளத்தின் வெறும் கான்கிரீட் மேடைகளில் சுற்றுலாப் பயணிகள் ஏறி நடக்கின்றனர். ‘பீட்டர் ஐரடேல்’ கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூடும் அதே மணலில் இன்னும் நிற்கிறது.